தள்ளிக்கொண்டு போகும் தூசித் தடுப்புக் கூடாரம்: எதைப் பார்த்து வாங்குவது?

ஆட்கள் புழங்கிக்கொண்டிருக்கும் கட்டடம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடும் குழாய்களில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் காப்பு அங்கங்கே பிய்ந்து நிற்கிறது. அதை இடம் இடமாக எடுக்க வேண்டும். இடையிடையே பழைய ஈயப் பெயின்ட்டைச் சுரண்டும் வேலையும், கான்கிரீட்டில் துளை போடும் வேலையும் வரும். குழுவில் மூன்று பேர். ஒவ்வொரு தடவையும் பாலித்தீன் ஷீட்டால் அறை கட்டிப் பிரிப்பதற்குப் பதிலாக, தள்ளிக்கொண்டு போகும்படியான தடுப்புக் கூடாரம் வாங்கலாமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்பது கேள்வி.

வாங்கலாம். ஆனால் விற்பவர் காட்டுகிற வரிசையில் பார்க்காதீர்கள். பத்து நிமிடத்தில் நிறுத்திவிடலாம் என்பதைத்தான் அவர் முதலில் காட்டுவார். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, வேலை முடிந்தபின் அதை எப்படிப் பிரிப்பது, உள்ளே ஒட்டியிருக்கும் தூசி சிந்தாமல் எப்படி வெளியே கொண்டுபோவது என்பதை. இந்தத் தொழிலில் எனக்கு இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. தூசி வெளியே போய் நான் கண்ணால் பார்த்த சம்பவங்களில் பெரும்பாலானவை கூடாரத்தைப் பிரிக்கும்போது நடந்தவை.

ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மருத்துவமனை நடைபாதையில் சீலிங் வேலை. நல்ல கூடாரம், உள்காற்றை வடிகட்டி இழுத்து வெளியே விடும் நல்ல மெஷின், நாள் முழுக்க அழுத்த மானி சரியாகக் காட்டியது. மாலையில் வேலை முடிந்தது, உள்ளே துடைத்தோம், மெஷினை நிறுத்தினோம், கம்பங்களை இறக்கினோம். ஷீட் தானாகவே கீழே சரிந்தது. அது சரியும்போது உள்ளே இருந்த காற்று ஜிப் வழியாகப் புஸ்ஸென்று வெளியே வந்தது. அப்போது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஜிப் இருந்த இடத்திலிருந்து விசிறி மாதிரி விரிந்து, ஆறேழு அடி தூரத்துக்கு மெல்லிய வெள்ளைப் படலம். பக்கத்து அறையில் எலும்பு மஜ்ஜை சிகிச்சை எடுத்த நோயாளிகள் இருந்தார்கள். நடைபாதையை மூடி, இரவு முழுக்கச் சுத்தம் செய்தோம். அன்றிலிருந்து எந்தச் சாதனத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது அதன் ஜிப்பும் மடிப்பும்தான்.

டார்ச்சில் தெரிந்த அந்தத் தூசி கூட பெரிய துகள். நுரையீரலின் அடிவரை போகும் துகள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அசையாத காற்றில் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து இறங்கக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதே உயரத்திலிருந்து 1 மைக்ரான் துகள் இறங்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். நிஜ அறையில் காற்று அசையாமல் இருக்காது, அதனால் அது இறங்காமலே மிதந்துகொண்டிருக்கும். 'தூசி அடங்கட்டும், அப்புறம் பிரிக்கலாம்' என்று சும்மா காத்திருப்பது இந்த வகைத் துகளுக்குப் பயன்படாது. வடிகட்டி வழியாக இழுத்து வெளியேற்றுவது ஒன்றுதான் வழி.

சாதனத்துக்குப் போகும் முன் எந்தத் தூசி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்பதை ஆய்வகச் சோதனைதான் சொல்லும், நிறத்தையோ வயதையோ பார்த்துச் சொல்ல முடியாது. இருந்தால், பல நாடுகளில் குழாய்க் காப்பை உரிமம் பெற்ற குழு மட்டுமே தொடலாம். கூடாரம் வாங்கிவிட்டால் அந்த உரிமம் வந்துவிடாது. கரைப்பான் ஆவியோ வேறு வாயுவோ கலந்து வரும் வேலையென்றால் மிக நுண்ணிய தூசிக்கான ஹெப்பா ஃபில்டர் மட்டும் போதாது, அது துகளைப் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். அதற்குக் கரி ஃபில்டர் தனியாக வேண்டும். அலுமினியத் தூள், மாவு, மரத்தூள் போன்ற எரியக்கூடிய தூசி என்றால் இங்கே சொல்வது எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சாதாரண மோட்டார் பொறியும் நிலைமின்சாரமும் அங்கே வெடிப்பில் போய் முடியும், அதற்கான தனிச் சாதனம்தான் வேண்டும்.

சரி, சாதனங்களுக்கு வருவோம். உங்கள் வேலைப் பட்டியலைப் பார்த்தால் ஒரே சாதனத்தில் எல்லாம் அடங்காது.

நேராக ஓடும் குழாயில் ஒரு முழம், இரண்டு முழம் காப்பு எடுக்க வேண்டுமென்றால் கையுறைப் பைதான் சிறந்தது. குழாயைச் சுற்றிக் கட்டும் பெரிய பாலித்தீன் பை. கைவிட்டு வேலை செய்ய அதிலேயே கையுறைகள் ஒட்டப்பட்டிருக்கும். கருவிகளை முதலிலேயே உள்ளே போட்டு, குழாயில் டேப் ஒட்டி மூடிவிட்டு, வெளியிலிருந்து கையை நுழைத்து வேலை செய்வது. இதில் தூசி இருக்கும் வெளி மிகச் சிறியது, பிரிக்கும்போது பையே குப்பையாகிவிடுகிறது. நான் சொன்ன பிரிக்கும் பிரச்சினைக்கு இதைவிடச் சுத்தமான விடை கிடையாது. அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகளில் இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. எங்கே வேலை செய்தாலும் அவற்றைப் பின்பற்றுங்கள் என்பேன். பை குறைந்தது 0.15 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும், அடிப்பாகத்தில் ஒட்டு இருக்கக் கூடாது. கட்டியபின் புகை விட்டுக் கசிவு பார்க்க வேண்டும். ஒரு பையை ஒருமுறைதான் பயன்படுத்தலாம், குழாயில் நகர்த்தி நகர்த்திக் கொண்டுபோகக் கூடாது. சுமார் 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான குழாயில் கட்டக் கூடாது. முடிந்ததும் ஹெப்பா வேக்கூமால் பைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிச் சுருக்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் போய் முடித்துவிட்டு வருகிற வேலை இல்லை இது. காப்பு ஏற்கெனவே உதிர்ந்து சீலிங் ஓடுகளின் மேல் சிதறிக் கிடந்தால் கையுறைப் பை உதவாது. ஓட்டைத் தூக்கும்போதே தூசி கொட்டிவிடும்.

அங்கேதான் சக்கரம் வைத்த சீலிங் கூண்டு வருகிறது. ஒரு ஆள் நின்று வேலை செய்யும் அளவு அடிப்பகுதி, மேலே சீலிங் வரை உயர்ந்து அதன்மேல் அழுந்தி உட்காரும் பஞ்சு விளிம்பு, பக்கத்தில் ஜிப் வைத்த வாசல், அடியில் ஹெப்பா மெஷின். மருத்துவமனைகளில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். சீலிங்குக்கு மேலே தேங்கியிருக்கும் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கும்; நல்ல உடம்புக்காரர்களை அவை ஒன்றும் செய்வதில்லை, எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளியின் உயிரை எடுத்துவிடும். ஒரே நாளில் ஐந்தாறு இடத்தில் ஓட்டைத் திறக்க வேண்டிய பராமரிப்பு வேலைக்கு இந்தக் கூண்டு போல வேறு எதுவும் கைகொடுக்காது.

ஆனால் இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. கூண்டுக்கு நான்கு பக்கமும் சுவர் உண்டு, மேல்பக்கம் கிடையாது. ஓடு ஒன்றை எடுத்த நொடியில் சீலிங்குக்கு மேலே இருக்கும் வெளி முழுவதும் உங்கள் கூண்டோடு சேர்ந்துவிடுகிறது. ஆகவே கூண்டின் கன அளவைப் பார்த்து மெஷினைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்றால் மொத்தமே நாலேகால் கன மீட்டர் சொச்சம்தான். மணிக்கு 300 கன மீட்டர் இழுக்கும் சின்ன மெஷின்கூட மணிக்கு எழுபது முறை காற்றை மாற்றுவதாகக் கணக்கு காட்டும். விற்பவரும் அதைத்தான் சொல்வார். நீங்கள் ஓடு இருந்த திறப்பைக் கணக்கிடுங்கள். 60 செ.மீ. சதுர ஓடு என்றால் 0.36 சதுர மீட்டர். அதன் வழியே காற்று வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உங்கள் பக்கம் இறங்கிவந்தால்தான் மேலே கிளம்பும் தூசியைப் பிடித்து இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 650 கன மீட்டர் தேவை. 300 கன மீட்டர் மெஷின் அதில் பாதிகூட வராது. இதற்கு மேல், சில கட்டடங்களில் அறைக்காற்று ஏசிக்குத் திரும்பிப் போகும் பாதையாகச் சீலிங் வெளியையே வைத்திருப்பார்கள். அங்கே ஏசி விசிறி உங்கள் மெஷினைவிடப் பலமாக இழுக்கும்; நீங்கள் கிளப்பும் தூசி மேலே ஏறி எல்லா அறைக்கும் போய்ச் சேரும். அந்தப் பகுதி ஏசியை நிறுத்தி வைக்க முடியாதென்றால் ஓட்டைத் தொடாதீர்கள்.

சுவர்ப் பெயின்ட், கான்கிரீட் வேலைகளுக்குக் கம்பம்-ஷீட் கூடாரம் போதும். கம்பத்தைச் சீலிங்குக்கும் தரைக்கும் இடையில் முட்டுக்கொடுத்து, ஷீட்டை மாட்டி, விளிம்புகளை டேப்பால் ஒட்டுவது. நீள அகலத்தை இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், ஷீட்டை ஒவ்வொரு முறையும் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடலாம். கம்பங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஷீட்டுக்கு உள்பக்கம் நிறுத்தினால் தூசி குழாய்க்குள் போய்விடும். சுருக்கும்போது வெளியே வராது, அடுத்த இடத்தில் நீட்டும்போது வரும். கம்பம் எப்போதும் ஷீட்டுக்கு வெளிப்பக்கம். இந்த ஒரு பழக்கம் உங்களைப் பல தொல்லைகளிலிருந்து காப்பாற்றும்.

பலகை பலகையாகக் கோத்து நிறுத்தும் கடினச் சுவர்கள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நடக்கும் வேலைக்கானவை. உங்களுக்கு வேண்டாம்.

தைத்த துணிக்கூடாரமா, ஒருமுறை பயன்படுத்தும் ஷீட்டா என்று வந்தால், ஆஸ்பெஸ்டாஸுக்கும் ஈயத்துக்கும் நான் யோசிக்காமல் ஒருமுறை ஷீட்டைத்தான் சொல்வேன். துணிக்கூடாரத்தைக் கையில் எடுத்துத் தையலை விரித்துப் பாருங்கள். ஊசி போன ஒவ்வொரு துளையும், மடிப்பின் உள்பக்கமும் தூசி உட்காரும் இடம். ஜிப்பின் பற்களுக்கு நடுவே விரலை ஓட்டிப் பாருங்கள். வெல்க்ரோ பட்டை வைத்திருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதைத் துடைத்துச் சுத்தம் செய்ய யாராலும் முடியாது. கூண்டு வாங்கினால் உள்ளே, ஒருமுறை பயன்படுத்தி எறியும் உறை மாட்டும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத கூண்டை சாதாரண சீலிங் தூசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஆஸ்பெஸ்டாஸுக்குக் கொண்டுபோகக் கூடாது.

இனி மெஷின். நெகட்டிவ் ஏர் மெஷின் என்பது உள்காற்றை ஹெப்பா வழியாக இழுத்து வெளியே விட்டு, உள்ளே அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கும் விசிறி. அழுத்தம் குறைந்திருந்தால் எங்கே கிழிசல் இருந்தாலும் காற்று வெளியிலிருந்து உள்ளே போகும், உள்ளிருந்து வெளியே வராது. தடுப்பது உண்மையில் இந்தக் காற்றோட்டம்தான், ஷீட் அதற்குத் துணை. ஓஷா விதி கேட்பது வெளியைவிட உள்ளே குறைந்தது 0.02 அங்குல நீரழுத்தம் குறைவு, அதாவது கிட்டத்தட்ட 5 பாஸ்கல்; மணிக்கு நான்கு முறையாவது காற்று மாற வேண்டும். பிரிட்டனில் எட்டு முறை கேட்பார்கள். நான்கு என்பது சட்டத்தின் அடித்தட்டு, நான் எட்டை வைத்துத்தான் கணக்குப் போடுவேன். 4 மீட்டருக்கு 5 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்றால் 60 கன மீட்டர்; எட்டு முறை என்றால் மணிக்கு 480. ஆனால் மெஷினின் மேல் 500 என்று எழுதியிருந்தால் அது போதாது. அந்த எண் பெரும்பாலும் சுத்தமான ஃபில்டரோடு, குழாய் மாட்டாமல் அளந்தது. ஹெப்பாவுக்கு முன்னால் பெரிய தூசியைப் பிடிக்கும் முன்ஃபில்டர் அடைத்து, எட்டு மீட்டர் நெளிகுழாய் இரண்டு வளைவோடு மாட்டியபின் கைக்கு வருவது அதைவிட நன்றாகவே குறைந்திருக்கும். மணிக்கு 800 அல்லது 850 இழுக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு மெஷின் உங்கள் மூன்று வகை வேலைக்கும் சரியாக வரும். வேகக் கட்டுப்பாடு அவசியம், ஏனென்றால் சின்னக் கூடாரத்தில் முழு வேகத்தில் விட்டால் ஷீட் உள்ளே இழுபட்டு டேப் பிய்ந்துவிடும். காற்று உள்ளே வரும் வழியை மெஷினுக்கு எதிர்க்கோடியில் வையுங்கள். பக்கத்திலேயே வைத்தால் சுத்தமான காற்றையே அது சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருக்கும், மூலையில் உள்ள தூசி அங்கேயே இருக்கும்.

ஃபில்டர் விஷயத்தில் வார்த்தை முக்கியம். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பது ஹெப்பா. ஐரோப்பிய வகைப்பாட்டில் ஹெச்13 என்றால் பிடிக்க மிகக் கடினமான அளவில் 99.95 சதவீதம், ஹெச்14 என்றால் 99.995. பெட்டியில் 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா போன்ற' என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நல்ல ஃபில்டர்கூட சட்டத்தில் சரியாக உட்காராவிட்டால் வீண். லாரியில் ஏற்றி இறக்கும் மெஷினில் இதுதான் அடிக்கடி நடக்கும். ஒரு மெஷினைத் திறந்தபோது, ஃபில்டரின் ரப்பர் விளிம்பில் மூன்று பக்கம் அழுந்திய தடம் இருந்தது, நான்காவது பக்கம் புதுசு போல வழவழப்பாக இருந்தது. அந்தப் பக்கம் அது சட்டத்தைத் தொட்டதே இல்லை. அதற்குப் பின்னால் சுத்தமான பக்கத்தில் சாம்பல் நிறக் கோடு. ஆகவே முழு மெஷினையும் ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துளிகள்) விட்டுக் கசிவுச் சோதனை செய்த சான்று கேளுங்கள், ஃபில்டருக்கு மட்டும் கொடுத்த சான்று போதாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பெரிய அடி ஏதாவது பட்ட பின்னும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

வேக்கூம் கிளீனரில் ஐரோப்பிய முறைப்படி எல், எம், ஹெச் என மூன்று வகுப்பு உண்டு. எல் நூற்றில் ஒரு பங்கு வரை தூசியை வெளியே விடலாம், எம் ஆயிரத்தில் ஒன்று, ஹெச் 0.005 சதவீதம் மட்டும். ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் என்றால் ஹெச் மட்டுமே. கான்கிரீட் துளைக்கு எம் போதும் என்றாலும், ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஹெச் வாங்குங்கள். கையுறைப் பைக்கும் இது உதவும்.

கூடவே ஒரு டிஜிட்டல் அழுத்த மானியும் புகைக் குழல்களும் வாங்க மறக்காதீர்கள். மானி சராசரியைச் சொல்லும். எந்த மூலையில் கசிகிறது என்பதைப் புகைதான் காட்டும். ஜிப்பின் கீழ் முனை, தரையோடு டேப் சேரும் இடம், சீலிங் சட்டம், இந்த மூன்று இடத்திலும் வெளியிலிருந்து புகையை விட்டு அது உள்ளே உறிஞ்சப்படுகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஷீட்டையே பாருங்கள். உள்பக்கம் லேசாக வயிறு ஒட்டியது போல இருக்க வேண்டும். தொளதொளவென்று ஆடினால் ஏதோ சரியில்லை.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். விசிறி நின்றதும் காற்று பின்னோக்கி வராமல் மூடும் மடல் இருக்க வேண்டும். மெஷினுக்குத் தனி இணைப்பு கொடுங்கள். டிரில்லோடு ஒரே இணைப்பில் போட்டு ஃபியூஸ் போனால் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். கூண்டு உங்கள் லிஃப்டிலும் மிகக் குறுகிய கதவிலும் நுழையுமா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். கூடாரம் தீ உணர்கருவியையோ தண்ணீர் தெளிப்பானையோ மறைக்கும் என்றால் கட்டடப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி மாற்று ஏற்பாடு செய்யுங்கள், ஷீட் தீயைத் தாங்கும் ரகமாக இருக்கட்டும்.

ஒன்றை மிகவும் வேண்டிச் சொல்கிறேன். கூடாரம் வெளியே இருப்பவர்களைக் காப்பதற்கு. உள்ளே நிற்கிறவருக்குத் தூசி திறந்தவெளியைவிட அதிகம். உங்கள் மூன்று பேருக்கும் முகத்துக்கு அளந்து சோதித்த சுவாசக் கவசம் வேண்டும், தாடி இருந்தால் ஒட்டும் வகைக் கவசம் உட்காராது. தண்ணீரில் ஈரமூட்டும் திரவம் கலந்து தெளித்து நனைத்தே எடுங்கள். காற்றில் கிளம்பாத தூசியைப் பிடிக்க எந்த மெஷினும் தேவையில்லை.

பிரிப்பது இப்படி. எல்லாவற்றையும் வேக்கூம் செய்து, ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்கவும். மெஷின் ஓடட்டும். மணிக்கு எட்டு முறை காற்று மாறினால், மிதக்கும் தூசியில் 99 சதவீதம் போக முப்பத்தைந்து நிமிடம் ஆகும். அதுவும் காற்று நன்றாகக் கலந்தால். நான் ஒரு மணி நேரம் விடுவேன். ஷீட்டின் உள்பக்கம் ஒட்டும் பூச்சைத் தெளித்து மிச்சத்தைப் படிய வைக்கவும். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் இந்த இடத்தில் நின்று, கண்பார்வைச் சோதனையும் காற்று மாதிரிச் சோதனையும் தேறும்வரை எதையும் கழற்றக் கூடாது. பிறகு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷீட்டை உள்பக்கமாகச் சுருட்டி, இரட்டைப் பையில் போட்டு, கழுத்தை முறுக்கி மடித்து டேப் சுற்றவும். முன்ஃபில்டரை மாற்றுவதாக இருந்தால் கூடாரம் பிரியும் முன்பே, உள்ளேயே மாற்றிவிடவும். கடைசியில் மெஷினின் வாயை மூடியால் அடைத்துவிட்டு அப்புறம்தான் சுவிட்சை அணைக்க வேண்டும். மூடியே இல்லாமல் விற்கும் மெஷின்களும் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன் விற்பவரை உங்கள் கட்டடத்துக்கே கூப்பிடுங்கள். உங்கள் ஆட்கள் மூன்று பேரும் கூடாரத்தை நிறுத்தட்டும். உள்ளே கலர் சாக்பீஸ் தூளைச் சீலிங் உயரத்திலிருந்து நன்றாகத் தூவுங்கள். சுத்தம் செய்து, அவர் சொல்கிற முறைப்படியே பிரித்து, லிஃப்ட் வரை தள்ளிக்கொண்டு போகட்டும். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையில் படுக்க வையுங்கள்.